முகாம் முடிஞ்ச மறுநாள்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல பேச்சுவாக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், எங்க ஊர் ரோட்டரி சங்கத்துல இருபது வருஷமா இருக்கேன், ஒரு வருஷம் செயலாளரா, இன்னொரு வருஷம் தலைவரா இருந்தேன்னு. அந்த ஒரு வரிக்கு இத்தனை லெட்டர் வரும்னு நான் நினைக்கல. ஜூலை மாசம்ங்கறதாலயும் இருக்கலாம், ரோட்டரி, லயன்ஸ்னு ரெண்டு சேவை சங்கத்துக்குமே ஜூலை 1தான் வருஷப் பிறப்பு, பஸ் ஸ்டாண்டுல இருந்து மார்க்கெட் வரைக்கும் பதவியேற்பு விழா பேனர்தான் தொங்குது. சரி, இந்த மாசம் முழுக்க அதையே பேசிருவோம். எல்லா லெட்டரையும் போட இடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டிருந்தவங்களுக்கு ஒரே பதிலா சேத்து எழுதியிருக்கேன்.

கேள்வி: அக்கா, எங்க மாமியாருக்கு 67 வயசு. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. அரிசியில கல் பொறுக்க முடியல, பஸ் போர்டு தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல லயன்ஸ் சங்கம் இலவச கண் சிகிச்சை முகாம் போடுறாங்க. ஓசின்னா படிக்கிற பசங்கள விட்டு பழகிப் பாப்பாங்க, இருக்கிற பார்வையும் போயிரும்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டாங்க, அதுல இருந்து அத்தை வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க. கூட்டிட்டுப் போலாமா? – ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

கூட்டிட்டுப் போங்கம்மா. புரைக்கு சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது, ஆபரேஷன் ஒண்ணுதான் வழி, தள்ளிப்போட தள்ளிப்போட புரை முத்திக்கிட்டே போகும், அப்புறம் ஆபரேஷனும் கஷ்டம்.

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கோங்க, உங்க அத்தைக்கும் இதையே சொல்லுங்க. முகாம் போடுறது சங்கம், வைத்தியம் பாக்குறது ஆஸ்பத்திரி. சங்கத்துக்காரங்க செய்யுறது ஸ்கூலோ கல்யாண மண்டபமோ பிடிக்கிறது, ஆட்டோவுல மைக் கட்டி ஊர் ஊரா சொல்றது, டேபிள் சேர் போடுறது, சாப்பாடு, பஸ் செலவு, வர்றவங்கள வரிசையில உக்கார வைக்கிறது. டாக்டர், நர்ஸ், ஆபரேஷன், கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ், மருந்து எல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பு. இந்த ஏற்பாடு நம்ம பக்கம் வேரூன்றினதுக்குப் பெரிய காரணம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில இருந்தப்பவே கிராமம் கிராமமா கண் முகாம் நடத்தினவர், மூட்டுவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போயும் அந்தக் கையாலயே ஆபரேஷன் பண்ணவர், ரிட்டையர் ஆகி 1976ல வெறும் 11 படுக்கையோட அதை ஆரம்பிச்சார். ஊர்ல இருக்குற சேவை சங்கங்கள் ஜனங்களைத் திரட்டிக் குடுப்பாங்க, ஆஸ்பத்திரி வைத்தியம் பாக்கும், காசு குடுத்து வர்றவங்க பணம் குடுக்க முடியாதவங்களுக்கும் சேத்து ஈடுகட்டும். 1992ல அவங்களே மதுரையில லென்ஸ் தயாரிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் லென்ஸ் விலை அடியோட குறைஞ்சுது, அதுவரைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாக்கனி, ஆபரேஷன் முடிஞ்சும் தடிக் கண்ணாடிதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்க அப்பத்தா அந்தக் கண்ணாடி போட்டிருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

படிக்கிற டாக்டருங்க இருப்பாங்களான்னா, பயிற்சி குடுக்குற ஆஸ்பத்திரியில இருப்பாங்க, மூத்த டாக்டர் மேற்பார்வையில. அதை மறைக்க ஒண்ணும் இல்ல. நீங்க பாக்க வேண்டியது வேற. ஆபரேஷன் எங்க நடக்குதுன்னு கேளுங்க. அந்தக் காலத்துல ஸ்கூல் ரூம்லயே டேபிள் போட்டு ஆபரேஷன் பண்ணாங்க, இப்போ அது கூடாது, முகாம்ல பரிசோதனை மட்டும்தான், தேர்வானவங்கள பஸ்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் முறையான தியேட்டர்லதான் பண்ணணும். எந்த ஆஸ்பத்திரின்னு நோட்டீஸ்ல பேர் போட்டிருக்கணும். மறு பரிசோதனை எந்தத் தேதி, எந்த இடம்னு கேளுங்க. இந்த மூணுக்கும் பட்டுன்னு பதில் வந்தா தைரியமா அனுப்புங்க.

போகும்போது அத்தை சாப்பிடுற எல்லா மாத்திரையையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க, ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், உங்க போன் நம்பர் எழுதின சீட்டு. பிபியும் சுகரும் அங்கேயே பாப்பாங்க, எகிறி இருந்தா குறைச்சிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க, அதுக்காக கோவப்படாதீங்க, அது அவங்க நல்லதுக்குத்தான். அன்னைக்கே பஸ் ஏற வேண்டியிருக்கும், ரெண்டு மூணு நாள் தங்கணும், மாத்துப் புடவை ரெண்டு வச்சிருங்க. ஒரு தடவைக்கு ஒரு கண்ணுதான் பண்ணுவாங்க.

இனிமேதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எங்க ஊர்ல முகாம் நடத்தும்போது ஞாயித்துக்கிழமை திருவிழா மாதிரி இருக்கும், மெம்பர் அத்தனை பேரும் சட்டையில பேட்ஜ் குத்திக்கிட்டு ஓடியாடி வேலை பாப்போம். ஒரு மாசம் கழிச்சு மறு பரிசோதனைக்கு அதே இடத்துல உக்காந்திருப்போம், ஆபரேஷன் ஆனவங்கள்ல பாதிப் பேரு வரமாட்டாங்க. பார்வைதான் வந்துருச்சேன்னு வீட்டுல விட்டுருவாங்க, கூட்டிட்டு வர ஆள் இருக்காது, பஸ்ஸுக்குக் காசு இருக்காது. ஒரு தடவை ஒரு அய்யா வரலையேன்னு மனசு கேக்காம வீடு தேடிப் போனோம், கண்ணு செவந்து சீழ் பிடிச்சிருந்துச்சு, சொட்டு மருந்து பாட்டில் சீல் கூட உடைக்காம சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. அவர் தனியா இருக்காரு, ஊத்தி விட ஆள் இல்ல, யார்கிட்டயும் கேக்கக் கூச்சம். அன்னைக்கே கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், பார்வை தப்பிச்சுது. அதுல இருந்து எங்க சங்கத்துல ஆபரேஷன் ஆன ஒவ்வொருத்தர் பேரையும் மெம்பர்களுக்குப் பிரிச்சுக் குடுத்துருவோம், ஆளுக்கு நாலு பேரோ அஞ்சு பேரோ, ஒரு மாசம் போன் பண்ணி விசாரிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. உங்க அத்தைக்கு நீங்க இருக்கீங்க. டாக்டர் சொன்ன கணக்குக்கு மருந்து ஊத்தி விடுங்க, கண்ணைக் கசக்க விடாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்தி விடாதீங்க. வலியோ, சிவப்போ, பார்வை மங்குறதோ தெரிஞ்சா மறு பரிசோதனைத் தேதி வரட்டும்னு உக்காந்திருக்காம அன்னைக்கே கிளம்புங்க.

கேள்வி: ரோட்டரி, லயன்ஸ் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? யார் ஆரம்பிச்சது? – 11ஆம் வகுப்பு மாணவி, பழனி

ரெண்டும் பொறந்த ஊர் சிகாகோதான் கண்ணு. 1905 பிப்ரவரி 23ஆம் தேதி பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினியர், ஒரு தையல்காரர், நாலு பேரா உக்காந்து பேசினதுதான் ரோட்டரியோட முதல் கூட்டம். பெரிய ஊருக்குப் பிழைக்க வந்த இடத்துல பழக ஆள் இல்லையேங்கற ஏக்கத்துல ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர் ஆபீஸ்ல சுழற்சி முறையில கூடினதால அந்தப் பேரு. நம்ம நாட்டுல முதல்ல கல்கத்தாவுல வந்துச்சு, மெட்ராஸுக்கு 1929ல.

லயன்ஸ் 1917ல மெல்வின் ஜோன்ஸ்னு ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆரம்பிச்சது, இந்தியாவுக்கு 1956ல பம்பாய் வழியா வந்துச்சு, தமிழ்ல அரிமா சங்கம்னு சொல்றோம். லயன்ஸ்னா கண்ணுன்னு ஆனதுக்கு ஒரு பொண்ணுதான் காரணம். ஹெலன் கெல்லர் கேள்விப்பட்டிருப்ப, பார்வையும் கேட்கும் திறனும் குழந்தையிலயே போனவங்க, 1925ல ஒஹையோ மாநிலத்துல நடந்த லயன்ஸ் மாநாட்டுல எழுந்து, பார்வையில்லாதவங்களுக்காக இருட்டை எதிர்த்துப் போராடுற வீரர்களா நீங்க வரமாட்டீங்களான்னு கேட்டாங்க. அன்னைக்கு அந்தச் சங்கம் கண்ணைக் கையில எடுத்தது, இன்னும் விடல. ரோட்டுல பார்வையில்லாதவங்க வெள்ளைக் குச்சி வச்சிருக்காங்களே, அமெரிக்காவுல அதைப் பரப்பினதுலயும் அவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930ல பியோரியாங்கற ஊர்ல ஒரு லயன்ஸ்காரர், கருப்புக் குச்சியோட ரோட்டைக் கடக்க முடியாம ஒருத்தர் நிக்கிறதப் பாத்துட்டு, வண்டிக்காரங்களுக்குத் தெரியற மாதிரி வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமேன்னு கேட்டார்.

உன் வயசுப் பிள்ளைங்களுக்குன்னே ரோட்டரியில இன்டராக்ட், லயன்ஸ்ல லியோன்னு தனிச் சங்கம் இருக்கு. உன் ஸ்கூல்ல இருக்கான்னு டீச்சர்கிட்ட கேளு.

கேள்வி: நான் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சேவை சங்கம் எங்க பள்ளியில பெண் பிள்ளைங்களுக்கு டாய்லெட் கட்டிக் குடுத்தாங்க. திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் பிரமாதமா நடந்துச்சு. இப்போ மோட்டார் எரிஞ்சு தண்ணி இல்லாம ஆறு மாசமா பூட்டிக் கிடக்கு. பெரிய பிள்ளைங்க மதியத்துக்கு மேல வீட்டுக்கு ஓடுதுங்க. சங்கத்துல போய்க் கேட்டா தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறோம்னு நினைப்பாங்களோன்னு தயக்கமா இருக்கு. – ஒரு ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

தயங்காதீங்க சார், போய்க் கேளுங்க. நீங்க கேக்கலைன்னாதான் தப்பு.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரோட்டரி சங்கம் ஊருக்காக செஞ்ச முதல் வேலையே டாய்லெட்தான். 1907ல சிகாகோ டவுன் நடுவுல பொதுக் கழிப்பிடம் வேணும்னு கிளம்பினாங்க. அதுக்கு எதிர்ப்பு வந்துச்சு, யார்கிட்ட இருந்துன்னா பீர் கம்பெனிக்காரங்களும் ஜவுளிக்கடை மாதிரி பெரிய பெரிய கடைக்காரங்களும், எங்க சாராயக்கடையில இருக்கு, எங்க கடையில இருக்கு, வந்து போகட்டுமேன்னாங்க, உள்ள வந்தா ஏதாவது வாங்குவாங்க இல்ல. அதையும் மீறி நின்னு கட்ட வச்சாங்க. அப்படி ஆரம்பிச்ச பரம்பரையில வந்தவங்க நாங்க, கட்டின டாய்லெட் பூட்டிக் கிடக்குன்னு கேள்விப்பட்டா எங்களுக்கு நெஞ்சு சுடணும்.

எங்களுக்கே சுட்டிருக்கு. ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆர்ஓ மெஷின் வாங்கிக் குடுத்தோம், நான் செயலாளரா இருந்த வருஷம். பிள்ளைங்க வரிசையா நின்னு டம்ளர்ல தண்ணி பிடிச்சுக் குடிச்சதப் பாத்து நான் அழுதேன். அடுத்த வருஷம் நோட்டு குடுக்கலாம்னு அதே ஸ்கூலுக்குப் போனா, மெஷின் மேல துணி போத்தி மூலையில வச்சிருக்கு, பிள்ளைங்க பழையபடி சின்டெக்ஸ் டேங்க் குழாய்லதான் குடிக்குதுங்க. ஃபில்டர் மாத்தணும்னு எங்க யாருக்கும் தோணல, யாருக்குப் போன் பண்ணணும்னு அவங்களுக்குத் தெரியல, ஹெச்எம் மாறிட்டாங்க, எங்க சங்கத்துலயும் ஜூலையில நிர்வாகிங்க மாறிட்டோம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா குடிச்சது பிள்ளைங்கதானே. அதுக்கு அப்புறம் எந்தப் பொருள் குடுத்தாலும் மூணு வருஷப் பராமரிப்புக்குன்னு ஒரு தொகையை முதல்லயே தனியா எடுத்து வச்சிடறோம், அது முடியலைன்னா அந்தப் பொருளைக் குடுக்குறதே இல்ல. கூடவே ஒரு மெம்பர் பேரை எழுதி ஹெச்எம் ரூம்ல ஒட்டிருவோம், தலைவர் மாறினாலும் அந்த ஆள் மாறக் கூடாது.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். வாயால சொல்லாதீங்க, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல வச்சு தீர்மானமா எழுதி, எலக்ட்ரீஷியன்கிட்ட மோட்டார் ரீவைண்டிங்குக்கு எவ்ளோ ஆகும்னு எஸ்டிமேட் வாங்கி, ரெண்டையும் சேத்து லெட்டரா குடுங்க. இது ஜூலை, புது டீம் இந்த வருஷம் என்ன பண்ணலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க, இதவிட நல்ல நேரம் கிடைக்காது. பழைய தலைவர்கிட்டயும் ஒரு காப்பி குடுங்க, கல்வெட்டுல இருக்கிறது அவர் பேரு, அவருக்கு அக்கறை இருக்கும். மோட்டார் சரியானா மட்டும் போதாது, கழுவுறது யாரு, அவங்களுக்கு சம்பளம் எங்க இருந்து, பினாயில், பக்கெட், நாப்கின் போட மூடி வச்ச கூடை, இதுக்கெல்லாம் ஊராட்சியா, பெற்றோரா, சங்கமான்னு பேசி எழுதி வச்சிருங்க. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கான்னும் பாத்துக்கோங்க சார், அது இல்லாம பொம்பளப் பிள்ளைங்க உள்ள போகாதுங்க.

கேள்வி: அக்கா, என் பையன் எட்டாவது படிக்கிறான். அவன் அப்பா இல்ல. ஒரு சங்கத்துல அவனுக்கு ஸ்கூல் பேக், நோட்டு, ஷூ குடுத்தாங்க, மேடையில பத்துப் பேரு சுத்தி நின்னு போட்டோ எடுத்து, 'ஏழை மாணவர்களுக்கு உதவி'ன்னு பேப்பர்லயும் வாட்ஸ்அப்லயும் போட்டுட்டாங்க. கிளாஸ்ல பசங்க கிண்டல் பண்ணாங்கன்னு அந்த பேக்கைத் தொடமாட்டேங்குறான். வாங்கிட்டு இப்படிப் பேசுறது நன்றி கெட்டத்தனமா? – ஒரு அம்மா, கரூர்

இல்லம்மா. ஒரு நாளும் இல்ல. உங்க லெட்டரை நான் எங்க சங்கக் கூட்டத்துல ஊரு பேரு சொல்லாம படிச்சுக் காமிச்சேன், கொஞ்ச நேரம் யாரும் பேசல.

வலது கை குடுக்குறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவங்கதான் நாம எல்லாரும். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கு, பணம் குடுத்தவங்களுக்கு பொருள் போய்ச் சேந்துச்சான்னு காமிக்கணும், அதுக்கு போட்டோ சுலபமான வழியாப் போச்சு. சுலபம்ங்கறதுக்காக ஒரு பிள்ளையோட முகத்தை எடுத்துக்கிட்டது தப்பு. கணக்குக்கு பில் இருக்கு, ஹெச்எம் கையெழுத்துப் போட்ட லிஸ்ட் இருக்கு, அதை ஃபைல்ல வச்சுக்கலாம். போட்டோ வேணும்னா அடுக்கி வச்ச பேக்குகளை எடுக்கலாம், பிள்ளைங்க முதுகுப் பக்கம் தெரியற மாதிரி எடுக்கலாம். நாங்க இப்போ பொருளை முன்னாடி நாளே ஸ்கூல்ல இறக்கிட்டு வந்துருவோம், கிளாஸ் டீச்சர் அவங்களா கூப்பிட்டுக் குடுத்துருவாங்க, முடிஞ்சா கிளாஸ்ல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி குடுப்போம், அப்போ யாரு இல்லாதவங்கன்னு யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை குறையும், ஒரு ஸ்கூலுக்குப் பதிலா ஒரு கிளாஸுக்குத்தான் குடுக்க முடியும், பரவாயில்லன்னு முடிவு பண்ணிட்டோம்.

நீங்க அந்தச் சங்கத்துச் செயலாளர்கிட்ட நேரா சொல்லுங்க, உதவிக்கு ரொம்ப நன்றிங்க, பையன் படத்தை மட்டும் நீக்கிருங்கன்னு. சொன்னா கேட்டுக்குவாங்க, முக்கால்வாசிப் பேரு தெரியாம செய்யுறவங்கதான். அடுத்த தடவை வாங்கும்போது படம் வேண்டாம்னு முதல்லயே சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு, அதைச் சொன்னதுக்காக யாராவது குடுக்க மறுத்தா எனக்கு இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்க. பையன்கிட்ட அந்த பேக்கை இப்போதைக்கு வற்புறுத்தாதீங்க. உள்ள வைங்க. அவனுக்கு வேற ஒண்ணு நான் அனுப்புறேன், முகவரி பத்திரிகை ஆசிரியர்கிட்ட இருக்கு.

கேள்வி: மீட்டிங், டின்னர், பொன்னாடை, மாலைன்னு இதுக்கே பணம் கரையுற மாதிரி தெரியுது. நாங்க குடுக்குற நன்கொடை உண்மையா எங்க போகுது? – ஒரு வாசகர், கோபிச்செட்டிப்பாளையம்

நியாயமான கேள்வி. சங்கத்துல ரெண்டு பை உண்டுங்க. ஒண்ணு மெம்பருங்க கட்டுற சந்தா, அதுல இருந்துதான் ஹால் வாடகை, டீ, டின்னர், பொன்னாடை, தலைமையகத்துக்குக் கட்டுற கட்டணம் எல்லாம். இன்னொண்ணு சேவைக்குன்னு வாங்குற நன்கொடை, அது தனிக் கணக்கு, பெரும்பாலும் தனி டிரஸ்டா பதிவு பண்ணியிருப்பாங்க. ரெண்டும் கலக்கக் கூடாது. நீங்க நன்கொடை குடுக்கும்போது ரசீது எந்தப் பேர்ல வருதுன்னு பாருங்க, டிரஸ்ட் பேர்ல வரணும், என்ன காரியத்துக்குன்னு எழுதியிருக்கணும். வருஷக் கணக்கைக் காமிங்கன்னு கேளுங்க, நல்ல சங்கம் சந்தோஷமா காமிக்கும். வரி விலக்கு வேணும்னா டிரஸ்டுக்கு 80ஜின்னு சொல்ற வருமான வரிப் பதிவு இருக்கணும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா கழிவு கிடையாது, செக் இல்ல ஆன்லைன்ல குடுங்க. அரிசி, துணின்னு பொருளா குடுத்தா அதுக்கும் கிடையாது. புது வரி முறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கும் இந்தக் கழிவு வராது, ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ரோட்டரிக்கு உலக அளவுல ஒரு அறக்கட்டளை இருக்கு. 1917ல ஆர்ச் கிளம்ஃப்ங்கறவர் யோசனை சொல்லி ஆரம்பிச்சது, முதல் நன்கொடையா வந்தது வெறும் 26 டாலர் 50 சென்ட். இப்போ மெம்பருங்க வருஷ நிதிக்குக் குடுக்குற காசு மூணு வருஷம் முதலீடா இருந்துட்டு, ஒரு பங்கு அந்தந்த ரோட்டரி மாவட்டத்துக்கே, அதாவது பல ஊர்ச் சங்கங்கள் சேந்த அமைப்புக்கே, திரும்பி வரும். பெரிய ப்ராஜெக்ட்னா நம்ம சங்கமும் வேற நாட்டுச் சங்கம் ஒண்ணும் கை கோத்து, குறைஞ்சது 30,000 டாலர் பட்ஜெட்டுல விண்ணப்பிக்கணும், டயாலிசிஸ் மெஷின் மாதிரி காரியங்க பலதும் இப்படி வந்ததுதான். அங்கயும் அதே கேள்விதான் வருது, மெஷின் வந்துருச்சு, டெக்னீசியன் சம்பளம் யாரு குடுக்குறது? இப்போ விண்ணப்பத்துலயே பணம் தீந்ததுக்கு அப்புறம் இது எப்படி ஓடும்னு எழுதச் சொல்றாங்க, அது எனக்குப் பிடிச்ச மாற்றம்.

பொன்னாடை விஷயத்துல உங்க வருத்தம் எனக்கும் உண்டு. மெம்பர் காசுதான்னாலும் பாக்குறவங்களுக்கு உறுத்தும். எங்க சங்கத்துல நாலு வருஷம் பேசிப் பேசி பொன்னாடையை விட்டு டவல் போடுறோம், விழா முடிஞ்சதும் எல்லாத்தையும் மூட்டை கட்டி முதியோர் இல்லத்துக்குக் குடுத்துருவோம்.

கேள்வி: போலியோதான் ஒழிஞ்சிருச்சே, இன்னும் ஏன் ரோட்டரிக்காரங்க அதுக்கே வசூல் பண்றாங்க? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நம்ம நாட்டுல ஒழிஞ்சிருச்சு தம்பி. கடைசியா 2011 ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்காளத்துல ஹவுரா பக்கம் ஒரு சின்னப் பொண்ணுக்கு வந்துச்சு, அப்புறம் இல்ல, 2014 மார்ச் 27ல உலக சுகாதார நிறுவனம் நம்மை போலியோ இல்லாத பகுதின்னு அறிவிச்சுது. ஆனா பாகிஸ்தான்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இன்னும் இருக்கு, ஒரு இடத்துல இருந்தா போதும், எங்க வேணா திரும்பி வரலாம்.

உன் வயசுக்காரங்களுக்கு அதோட பயம் தெரியாது. என் கூட படிச்ச ஒரு பொண்ணு காலுக்கு காலிபர்ங்கற தாங்கி போட்டு நடப்பா, ஒவ்வொரு தெருவுலயும் அப்படி ஒருத்தர் இருந்தாங்க. 1988ல உலகம் முழுக்க 125 நாட்டுல வருஷத்துக்கு 3,50,000 பேருக்கு வந்துக்கிட்டு இருந்த நோய் அது. ரோட்டரி 1979ல பிலிப்பைன்ஸ்ல சொட்டு மருந்து குடுக்க ஆரம்பிச்சுது, 1985ல உலகம் பூராவும் பண்றதுன்னு இறங்குச்சு, இதுவரைக்கும் 200 கோடி டாலருக்கு மேல குடுத்திருக்கு. ரோட்டரி வருஷத்துக்கு 5 கோடி டாலர் சேத்தா கேட்ஸ் அறக்கட்டளை அதுக்கு ரெண்டு மடங்கு போடுறாங்க, அதனாலதான் விடாம வசூல் பண்றோம்.

நம்ம நாட்டுல 1995ல பல்ஸ் போலியோ ஆரம்பிச்சாங்க, அதுல பல வருஷம் நான் பூத்ல நின்னிருக்கேன், ஐஸ் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு. ஞாயித்துக்கிழமை பூத்துக்கு வர்ற பிள்ளைங்க வந்துரும், ரெண்டு சொட்டு ஊத்தி இடது கை சுண்டு விரல்ல மை வைப்போம். போலியோவை ஜெயிச்சது அந்த ஞாயித்துக்கிழமை இல்ல, அடுத்த நாள். வராத பிள்ளைங்களைத் தேடி வீடு வீடா போவாங்க, விரலைப் பாப்பாங்க, சுவத்துல சாக்பீஸ்ல குறி போடுவாங்க, செங்கல் சூளை, ரயில்வே ஸ்டேஷன், நரிக்குறவர் குடியிருப்புன்னு ஒரு இடம் விடமாட்டாங்க. பெரும்பாலும் அங்கன்வாடி அக்காங்கதான், வெயில்ல கால் தேய நடந்தாங்க. எங்க சங்கம் அவங்களுக்குக் குடையும் தண்ணி பாட்டிலும் குடுத்தது, அவ்ளோதான். வெற்றியில முக்காப் பங்கு அவங்களுக்குச் சேரணும்.

கேள்வி: பெண்கள் மெம்பர் ஆகலாமா? என் வீட்டுக்காரர் 'அது ஜென்ட்ஸ் சங்கம், நீ இன்னர் வீல்ல சேரு'ங்கறார். – ஒரு வாசகி, திருச்சி

தாராளமா ஆகலாம். ரோட்டரிக்காரங்க வீட்டுப் பெண்களுக்குன்னு ஆரம்பிச்ச இன்னர் வீலும் நல்ல அமைப்புதான், பிடிச்சா சேருங்க, ஆனா ரோட்டரி ஜென்ட்ஸ் சங்கம்ங்கற காலம் போயிருச்சு. கலிபோர்னியாவுல டுவார்ட்டேன்னு ஒரு சின்ன ஊர்ச் சங்கம் மூணு பெண்களை மெம்பரா சேத்துச்சு, அதுக்காக 1978ல அந்தச் சங்கத்தையே தலைமையகம் நீக்கிருச்சு. அவங்க கலையல, பேருக்கு முன்னாடி 'முன்னாள்'னு போட்டுக்கிட்டு கூட்டம் நடத்திக்கிட்டே கோர்ட்டுக்குப் போனாங்க. 1987 மே 4ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு, 1989ல ரோட்டரி சட்டத்தையே மாத்துனாங்க. லயன்ஸ் 1987லயே கதவைத் திறந்துருச்சு. 2018ல லயன்ஸுக்கும் 2022ல ரோட்டரிக்கும் உலகத் தலைவராவே பெண்கள் வந்துட்டாங்க. நான் சேந்தப்போ எங்க சங்கத்துல நான் ஒருத்திதான் பொம்பள, இப்போ பதினோரு பேரு. நீங்க வாங்க.

கேள்வி: கண் தானம் பண்ண எழுதிக் குடுத்திருக்கேன். வீட்டுல என்ன செய்யணும்னு சொல்லுங்க. – 71 வயது வாசகர், காரைக்குடி

நல்ல காரியம் அய்யா. எழுதிக் குடுத்தது பத்தாது, வீட்டுல பிள்ளைங்க, மருமக எல்லார்கிட்டயும் சொல்லிருங்க, அந்த நேரத்துல முடிவு எடுக்குறது அவங்கதான். நீங்க எழுதிக் குடுக்காம இருந்தாலும் அவங்க சம்மதிச்சா குடுக்கலாம். உயிர் பிரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. கண் வங்கி நம்பரை காலண்டர்ல எழுதி வைங்க, கூப்பிட்டா வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிருவாங்க, செலவு ஒண்ணும் இல்ல, முகம் கோரமா ஆகாது. அதுவரைக்கும் இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்கணும், ஃபேனை நிறுத்தணும், தலைக்கு தலையணை வச்சு உயர்த்தணும். கண்ணாடி போட்டவங்க, சுகர் உள்ளவங்க, புரை ஆபரேஷன் ஆனவங்களும் குடுக்கலாம், எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி மாதிரி தொத்துல இறந்தவங்ககிட்ட எடுக்க மாட்டாங்க. ஒருத்தர் குடுத்தா ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுறேன். சந்தா கட்டி மெம்பர் ஆகுற வசதி இல்ல. எனக்கும் ஏதாவது செய்யணும்னு ஆசை. பணம் இல்லாதவன் என்ன செய்ய முடியும்? – ஒரு வாசகர், மன்னார்குடி

தம்பி, உங்க லெட்டரைத்தான் கடைசியா போடணும்னு எடுத்து வச்சேன். எங்களுக்குப் பணம் குடுக்க ஆள் கிடைச்சிருவாங்க, மறுநாள் வர ஆள்தான் கிடைக்க மாட்டேங்குது.

உங்க ஊர்ல அடுத்த கண் முகாம் எப்போன்னு கேளுங்க. முகாம் அன்னைக்கு நீங்க வர வேண்டாம், அன்னைக்கு நிறையப் பேர் இருப்பாங்க. ஆபரேஷன் முடிஞ்சு பஸ் திரும்பி வர்ற அன்னைக்கு வாங்க. கண்ணுல கருப்புக் கண்ணாடியோட பத்திருபது பேரு இறங்குவாங்க, அதுல நாலஞ்சு பேருக்கு கூட்டிட்டுப் போக யாரும் வந்திருக்க மாட்டாங்க, அவங்களை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுங்க. வீட்டுல யாரு இருக்காங்கன்னு பாருங்க, தனியா இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட மருந்து ஊத்தி விடச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் மறு பரிசோதனைத் தேதியை உங்க போன்ல போட்டு வச்சுக்கிட்டு அன்னைக்குக் காலையில அதே நாலு வீட்டுக்குப் போய் ஹாரன் அடிங்க. டீசல் செலவை சங்கத்துல கேட்டு வாங்கிக்கோங்க, கூச்சப்படாதீங்க, அது குடுக்க வேண்டிய காசு.

ரத்தமும் குடுக்கலாம். 18 வயசுல இருந்து 65 வரைக்கும், 45 கிலோவுக்கு மேல எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா போதும், ஆம்பளைங்க 90 நாளைக்கு ஒரு தடவை குடுக்கலாம். ராத்திரி வண்டி ஓட்டிட்டு தூக்கம் இல்லாம போய் குடுக்காதீங்க, தூங்கி எழுந்து சாப்பிட்டுப் போங்க.

மன்னார்குடியில எனக்குத் தெரிஞ்ச சங்கத்துக்காரர் ஒருத்தர் இருக்கார், உங்க போன் நம்பரை ஆசிரியர்கிட்ட குடுத்திருக்கீங்கல்ல, அவர்கிட்ட சேத்துடறேன். இந்த வாரமே கூப்பிடுவார், எடுங்க.